முழங்கை உடைஞ்சா முதல்ல விரலைப் பாருங்க!

ஆவடியிலிருந்து சி.டி.எச் ரோட்டைப் பிடிச்சு மேற்கே போய்க்கிட்டே இருந்தா திருவள்ளூர், திருத்தணி, நகரி தாண்டி புத்தூர் வந்துடும். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுறதுல தலைமுறை தலைமுறையாகப் பெயர் வாங்கின ஊர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஏரியாவில் 'புத்தூர் கட்டு' போர்டைப் பார்க்காம வளர்ந்தவங்க கம்மி. அதனால அக்கா பையன் சைக்கிள்ல இருந்து விழுந்து கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா, "கட்டு போட்டா சரியாகிடும், ஆபரேஷன்லாம் எதுக்கு?"ன்னு வீட்டுல ஒருத்தராவது சொல்லிடுவாங்க.

மற்ற எலும்புகளைப் பற்றி இங்கே பேசப்போறதில்லை. முழங்கை மட்டும் வேற கதை.

விழும்போது குழந்தைங்க கையை நீட்டி ஊன்றுவாங்க. அந்த வேகத்தில், மேல்கை எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே, அது மெலிஞ்சிருக்கிற இடத்தில் உடையும். 5 முதல் 7 வயசுக்குள்ளதான் இது ரொம்ப அதிகம். இதோட பெயர் 'சுப்ராகாண்டிலர்' முறிவு. கைக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாயும் முக்கியமான நரம்புகளும் அதே இடத்தை ஒட்டித்தான் போகுது. விலகின எலும்பின் கூர்முனை அதில் குத்தலாம், அழுத்தலாம்.

வீக்கம் ஏறிக்கிட்டே இருக்கும்போது மேலே இறுக்கமா ஒரு கட்டையும் போட்டுட்டா? உள்ளே தசைக்கு ரத்தம் போகாது. சில மணி நேரத்தில் தசை செத்து, விரல்கள் மடங்கினபடியே நின்னுடும். ஜெர்மன் மருத்துவர் ஃபோக்மன் 1881-லேயே இதை விவரிச்சு எழுதிட்டார். மூங்கில் தப்பைக் கட்டுக்கு மட்டுமில்ல, ஆஸ்பத்திரியில் போடுற இறுக்கமான மாவுக்கட்டுக்கும் இதே ஆபத்து உண்டு.

அதனால முதல்ல விரலைப் பாருங்க. வெளுத்திருக்கா, சில்லுனு இருக்கா? நகத்தை அழுத்தி விட்டா ரெண்டு விநாடிக்குள்ள சிவப்பு திரும்புதா? கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளைச்சு 'ஓகே' சைன் காட்டச் சொல்லுங்க. வட்டம் சரியா வரலைன்னா நரம்பு அடிபட்டிருக்கலாம் (பெரும்பாலும் சில மாதங்களில் தானா சரியாகிடும்). கை வெளுத்திருந்தா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காம 108-ஐக் கூப்பிடுங்க. கட்டு போட்ட பிறகு வலி குறையாம ஏறினாலோ, விரலை லேசா நிமிர்த்தினாலே துடிச்சாலோ, நடுராத்திரியா இருந்தாலும் கட்டைத் தளர்த்தியே ஆகணும்.

போற வழியில் கையை இழுத்து நேராக்காதீங்க. உருவிவிடவும் வேண்டாம். இருக்கிற நிலையிலேயே மடிச்ச நியூஸ்பேப்பரை அணைச்சு வெச்சு, துப்பட்டாவில் தொங்கவிடுங்க. அழுகையை நிறுத்த ஜூஸ், பிஸ்கட் கொடுக்கிறதும் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியா இருக்கணும். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை, சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை ரெண்டிலும் எலும்பு சிகிச்சைப் பிரிவு இருக்கு. முதல்வர் காப்பீட்டுத் திட்ட கார்டு இருந்தா மறக்காம எடுத்துட்டுப் போங்க.

எல்லா முறிவுக்கும் ஆபரேஷன் கிடையாது. 1959-ல் கார்ட்லேண்ட் வகுத்த மூணு நிலைகளை வெச்சுத்தான் இன்னிக்கும் டாக்டர்கள் முடிவெடுக்கிறாங்க. எலும்பு விலகலைன்னா சுமார் மூணு வாரம் மாவுக்கட்டு போதும். முழுசா விலகியிருந்தா கம்பி.

கம்பின்னதும் பயந்துடாதீங்க. பெரும்பாலும் கையைக் கிழிக்கவே மாட்டாங்க. மயக்கம் கொடுத்து, சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கிட்டே எலும்பை இடத்துக்குக் கொண்டுவந்து, தோல் வழியா ரெண்டு மூணு மெல்லிய கம்பிகளைச் செருகுவாங்க. நுனி வெளியிலேயே இருக்கும். 3, 4 வாரத்தில் ஓ.பி-யிலேயே உருவிடுவாங்க. எலும்பு சேரலைன்னாலோ, ரத்தக்குழாய் சிக்கியிருந்தாலோதான் திறந்து ஆபரேஷன். கை சிவப்பா, சூடா இருந்தா, 'காலையில் பண்ணிக்கலாம்'னு டாக்டர் சொல்றதும் சரிதான், அலட்சியம் இல்ல.

"சின்னப் பையன்தானே, வளர வளர நேராகிடும்"னு சொல்வாங்க. மணிக்கட்டுப் பக்கம் அது ஓரளவு உண்மை. ஆனா மேல்கை எலும்பு வளர்றதில் சுமார் 80 சதவிகிதம் தோள்பட்டைப் பக்கம்தான் நடக்குது. முழங்கைப் பக்கம் கோணலா சேர்ந்தா, அந்தக் கோணல் அப்படியே தங்கிடும்.

இன்னொரு முறிவு இருக்கு, ஏமாத்துக்காரன். முழங்கையின் வெளிப்பக்கம் சின்னத் துண்டு உடையும். வீக்கமும் பெருசா இருக்காது, எக்ஸ்ரேயிலும் லேசாத்தான் தெரியும். 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தா பொதுவா ஆபரேஷன்தான். விட்டுட்டா எலும்பு சேராமலே போய், பல வருஷம் கழிச்சு சுண்டுவிரல் மரத்துப்போறப்போதான் தெரியவரும். 'சுளுக்கு'ன்னு எண்ணெய் தேய்க்கிறது பெரும்பாலும் இதுக்குத்தான்! டீன்ஏஜ் பசங்களுக்கு உள்பக்கத் துண்டு பிய்ஞ்சு வரும், சில சமயம் மூட்டே நழுவிடும். அது மூட்டுக்குள்ள சிக்கிட்டா எடுத்து ஸ்க்ரூ போடுவாங்க.

கட்டு பிரிச்சதும் முழங்கை நீளாது, மடங்காது. வீடே பதறும். பையன் தானா விளையாட ஆரம்பிச்சா சில மாதங்களில் பெரும்பாலும் திரும்பிடும். அவசரப்பட்டு அழுத்தி நீட்டினாலோ, எண்ணெய் போட்டு உருவினாலோ தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு இறுகிப்போகலாம். பாட்டி எண்ணெய்க் கிண்ணத்தோட வந்தா, தலைக்கு மட்டும்னு சொல்லிடுங்க.