நடைபிணங்களுக்கு நடுவே ஒரு காதல்

1665ஆம் ஆண்டு பிளேக்கைப் பற்றி டேனியல் டெஃபோ 1722இல் எழுதிய நூலில் ஒரு குழல்காரன் வருகிறான். வயிறுமுட்டத் தின்ற மயக்கத்தில் தெருவோரத்திலேயே தூங்கிவிடுகிறான். பிணவண்டிக்காரர்கள் அவனையும் பிணமென்று அள்ளிப் போட்டுக்கொண்டு போகிறார்கள். புதைகுழியருகே வண்டி நின்றதும், 'எங்கே இருக்கிறேன்?' என்று எழுந்து உட்கார்கிறான். கொள்ளைநோய்க்கு நடுவிலும் பிணம் எழுந்த கதையைச் சொல்லிச் சிரித்த ஊர் லண்டன்.

பிணம் எழுந்து நடமாடும் ஜாம்பி படத்துக்கு இன்றுள்ள இலக்கணத்தை 1968இல் வகுத்தவர் அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ. அதை லண்டன் தெருவுக்குக் கொண்டுவந்து மிரட்டியது 2002இல் டேனி பாயில் எடுத்த '28 டேஸ் லேட்டர்'. வெறிச்சோடிய வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் கில்லியன் மர்பி தனியாக நடந்தபோது சிரிக்க யாருக்கும் தோன்றியிருக்காது.

இரண்டே ஆண்டு கழித்து, 2004 ஏப்ரலில், 'ஷான் ஆஃப் தி டெட்' வந்தது. இது ஜாம்பிகள் வரும் ரொமான்டிக் காமெடி என்று போஸ்டரிலேயே அறிவித்துவிட்டார்கள். எழுதியவர்கள் எட்கர் ரைட்டும் சைமன் பெக்கும், இயக்கம் ரைட். வித்து 1999இல் சேனல் 4இல் தொடங்கிய இவர்களின் 'ஸ்பேஸ்டு' தொடரில் இருந்தது. அதன் ஓர் அத்தியாயத்தில், 'ரெசிடென்ட் ஈவில் 2' வீடியோ கேமில் மூழ்கிக் கிடந்த நாயகனுக்குக் கண்ணில் பட்டவரெல்லாம் ஜாம்பியாகத் தெரிகிறார்கள். அந்தத் தொடரின் ரசிகர்கள் பலர் 2003 படப்பிடிப்பில் ஜாம்பி வேஷம் கட்டினார்கள்.

ஷானுக்கு வயது 29, எலக்ட்ரிக் சாமான் கடையில் வேலை. காதலி லிஸ் அவனைக் கைகழுவுவதற்குப் பெரிய துரோகமெல்லாம் காரணமில்லை. அவளை அழைத்துப்போவதாகச் சொன்ன ஓட்டலில் மேசை பிடித்துவைக்க மறந்துவிட்டான், அவ்வளவுதான். தினமும் வின்செஸ்டர் என்ற அதே பப், அதே நண்பன் எட். அவளுக்கு அலுத்துவிட்டது.

படத்தின் உயிர் க்ரவுச் எண்டில் எடுத்த ஒரு நடையில் இருக்கிறது. காலையில் வீட்டிலிருந்து முக்குக் கடைக்குப் போய்த் திரும்புகிறான் ஷான். வெட்டே இல்லாத ஒரே ஷாட். மறுநாள் அதே நடை, அதே கோணம். இப்போது தெருவில் பிணங்கள் உலாவுகின்றன, கடையின் குளிர்பெட்டிக் கண்ணாடியில் ரத்தக் கைத்தடம். தரை ரத்தத்தில் கால் வழுக்குகிறது. போதை தெளியாத ஷானுக்கு எதுவும் உறைக்கவில்லை. அவனைக் குறை சொல்லவும் முடியாது. தொடக்கத்திலேயே சூப்பர்மார்க்கெட் பணியாளர்களையும் பஸ் நிறுத்தத்தில் செல்போன் பார்ப்பவர்களையும் ஜாம்பிகள் போலத்தான் காட்டியிருக்கிறார் ரைட். ஊருக்கு நோய் வந்த பிறகுதான் ஷான் என்ற ஒருவன் விழிக்கிறான். மட்டையை எடுத்துக்கொண்டு அம்மாவையும் லிஸ்ஸையும் காப்பாற்றக் கிளம்புகிறான். வழக்கமான காதல் படத்தில் நாயகன் திருந்த மூன்று பாட்டும் ஒரு விபத்தும் தேவைப்படும். இங்கே ஊரே அழிய வேண்டியிருக்கிறது.

பதுங்க அவன் தேர்ந்தெடுக்கும் இடம், வேறென்ன, அதே பப். வடலண்டன் ஹைகேட்டில் இருந்த பப்பின் பெயரைக் கடன் வாங்கினார்கள். வெளித்தோற்றத்துக்குத் தேம்ஸின் தெற்கே நியூ கிராஸில் இருந்த 'டியூக் ஆஃப் ஆல்பனி'. உள்ளே நடப்பதெல்லாம் ஈலிங் ஸ்டுடியோவில். வடக்கு, தெற்கு விஷயத்தில் கறாரான லண்டன்காரர்கள் இதைப் பொறுத்துக்கொண்டது ஆச்சரியம். நியூ கிராஸ் பப் பிற்பாடு குடியிருப்பாகிவிட்டது.

தமிழில் 'காஞ்சனா' வகைப் பேய்க்காமெடி பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வித்தியாசம் தெரியும். நம் பேய்க்கு ஒரு முன்கதை உண்டு, பழி தீர்ந்தால் போய்விடும். ஜாம்பிக்குப் பசி மட்டுமே. அதனிடம் பேசித் தீர்க்க ஒன்றுமில்லாததால், இருப்பவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியதாகிறது. பில் நைய் நடித்த மாற்றாந்தகப்பன் கார் சீட்டில் சாகும் தறுவாயில்தான் ஷானிடம் பாசத்தைச் சொல்கிறார். ஜாம்பியாக எழுந்ததும் அவர் செய்யும் முதல் காரியம், காதைக் கிழிக்கும் பாட்டை நிறுத்துவது! 2016இல் ஊட்டியை வைத்து வந்த தமிழ் ஜாம்பி படமான 'மிருதன்'இலும் காதல் உண்டு, ஆனால் அது கண்ணீரை நோக்கிப் போகும் காதல்.

ரொமேரோவுக்குப் படம் பிடித்துப்போய், தன் அடுத்த படமான 'லேண்ட் ஆஃப் தி டெட்'டில் (2005) ரைட்டையும் பெக்கையும் ஜாம்பிகளாகவே நடிக்கவைத்தார். ஷானின் கதையோ ஆறு மாதம் கழித்து, மிஞ்சிய ஜாம்பிகள் கூலிவேலைக்கு அமர்த்தப்பட்ட லண்டனில் முடிகிறது. லிஸ் அவனோடு குடிவந்துவிட்டாள். அன்றைய நாளுக்கு அவள் போடும் திட்டத்தில் டீ இருக்கிறது, டிவி இருக்கிறது, பப்பும் இருக்கிறது.