பத்தொன்பது பேரும் ஒரு புட்டியும்

மாதுங்காவிலிருந்து தென்மும்பைக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்லும் தமிழர் பலர் பரேலைக் கடந்தே செல்கின்றனர். அங்கே பழைய கவர்னர் மாளிகை ஒன்றில் ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதற்குப் பெயர் தந்தவர் ஒரு காலத்தில் பத்தொன்பது பேரின் சாவுக்குக் காரணமானவர் என்று பழிசுமத்தப்பட்டவர் என்பதை நம்மில் பலர் அறியோம்.

1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் பற்றியது. ஒடெஸா நகரில் 1860-இல் பிறந்த வால்டெமர் ஹாஃப்கின் அப்போது காலரா தடுப்பூசிப் பணிக்காக இந்தியாவில் இருந்தார். அரசாங்கம் அவரைப் பம்பாய்க்கு அழைத்தது. சில மாதங்களுக்குள் பிளேக் தடுப்பு மருந்தொன்றை உருவாக்கி, 1897 ஜனவரி 10-ஆம் நாள் தம் உடலிலேயே முதலில் அதைச் செலுத்திக்கொண்டார். பின்னர் இலட்சக்கணக்கான மக்கள் அம்மருந்தை ஏற்றனர்.

1902-இல் பஞ்சாபில் பெரும் அளவில் ஊசி போட ஏற்பாடாயிற்று. அக்டோபர் 30-ஆம் நாள் முல்கோவால் என்னும் கிராமத்தில் (இன்று அது பாகிஸ்தானில் உள்ளது) 107 பேருக்கு, ஐந்து புட்டிகளிலிருந்து மருந்து செலுத்தப்பட்டது. ஏறத்தாழ ஒரு வாரம் கழிந்தது. அவர்களுள் பத்தொன்பது பேருக்குத் தாடை இறுகியது. உடல் வில்லாக வளைந்தது. நம் முன்னோர் தனுர்வாயு என்றும், பின்வந்தோர் ரணஜன்னி என்றும் வழங்கிய நோய் அது. பத்தொன்பது பேரும் மாண்டனர். அனைவரும் ஒரே புட்டியிலிருந்து ஊசி பெற்றவர்கள். மற்ற நான்கு புட்டிகளின் மருந்தைப் பெற்றவர்க்கு இத்தீங்கு நேரவில்லை.

இங்கே அக்கிருமியின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். பெரும்பாலான உயிர்களுக்குக் காற்று உயிர்நாடி; இதற்கோ காற்றே பகை. காற்றுப் படும் இடத்தில் இது வளராது. ஆயின் அழிந்தும் போகாது. தடித்த உறைக்குள் தன்னை ஒடுக்கிக்கொண்டு, வித்தாகி, மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் உறங்கும். ஆழ்ந்த புண்ணில் காற்றில்லா இடம் வாய்த்ததும் அவ்வித்து முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்நஞ்சு நரம்புகளைத் தாக்கித் தசைகளைத் தளரவிடாமல் இறுக்கிவிடும். போர்க்களத்துப் புண்களை அழுகச் செய்யும் வாயு அழுகல் நோயும், கெட்ட டப்பா உணவால் வரும் பாட்டுலிச நோயும் இக்கிருமியின் இனத்தாரால் விளைபவையே.

ஜப்பானிய விஞ்ஞானி கிட்டசாட்டோ 1889-இல் இக்கிருமியைத் தனியே பிரித்தெடுத்தார். கையாண்ட வழி எளியது. புண்ணின் சீழில் பல கிருமிகள் கலந்திருந்தன. அதை வளர்த்துச் சூடேற்றினார். மற்றவை மடிந்தன, வித்துகள் மட்டும் எஞ்சின. பிறகு காற்றுக்குப் பதிலாக ஹைட்ரஜன் வாயுவை நிரப்பி அவற்றை வளர்த்தார். அவ்வித்துகள் கார்பாலிக் அமிலத்திலும் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதும் தெரியவந்தது.

இவ்வுண்மையில்தான் முல்கோவால் வழக்கின் முடிச்சு இருந்தது. மருந்தை விரைவாகவும் மிகுதியாகவும் தயாரிக்கும் பொருட்டு ஹாஃப்கின், முன்பு சேர்த்து வந்த கார்பாலிக் அமிலத்தை விடுத்து, வெப்பத்தையே நம்பினார். விசாரணைக் கமிஷன் இதையே பெருங்குறையாகக் கண்டது. புட்டி திறக்கப்படும் முன்பே மாசுற்றது என்று முடிவுகட்டியது. ஹாஃப்கின் பதவி இழந்தார்.

ஆயின் சாட்சியங்களுள் மற்றொரு செய்தியும் இருந்தது. அன்று அந்தப் புட்டியைத் திறக்கும்போது தக்கையைப் பிடுங்கும் இடுக்கி தரையில் விழுந்தது. உதவியாளர் அதைக் கார்பாலிக் கரைசலில் அலம்பி மீண்டும் பயன்படுத்தினார். அலம்பினால் மற்ற கிருமிகள் சாகலாம். மண்ணிலிருந்து ஒட்டிய வித்து சாகாது. மேலும், பல வாரங்களுக்கு முன்பே புட்டியில் கிருமி வளர்ந்திருந்தால் திறக்கும்போது துர்நாற்றம் வீசியிருக்கும். அதைத் திறந்த மருத்துவர் அப்படி எதையும் உணரவில்லை. நோயும் ஒரு வாரம் காத்திராமல் விரைந்து தோன்றியிருக்கும்.

செகந்தராபாத்தில் மலேரியாவின் மர்மத்தைத் துலக்கிய ரொனால்டு ராஸும் வேறு ஒன்பது விஞ்ஞானிகளும் 1907 ஜூலையில் லண்டன் டைம்ஸ் இதழில் இவ்வாதங்களை எழுப்பினர். அவ்வாண்டிலேயே பழி நீங்கியது. ஹாஃப்கின் கல்கத்தாவுக்குத் திரும்பி 1914 வரை பணிபுரிந்தார். ஆனால் பம்பாய் நிலையத்தின் தலைமை அவருக்கு மீளவில்லை. அதற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது 1925-இல்.

அரசாங்க அறிக்கைகளை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நாம் இவ்வரலாற்றை எண்ணிச் சற்றே அஞ்சுகிறோம். கமிஷன் பொய் சொல்லவில்லை. அமிலம் விடுபட்டது மெய். அந்த மெய் கண்முன் பெரிதாக நின்றதால், தரையில் விழுந்த இடுக்கி சிறிதாகிவிட்டது. அந்த இடுக்கி உரிய இடத்தைப் பெற ஐந்தாண்டுகள் ஆயின.

இன்று ரணஜன்னிக்குத் தடுப்பூசி உண்டு. தொப்புள்கொடி வழியே பச்சிளங் குழந்தைகளைக் கொன்ற இந்நோயை நம் நாடு அடக்கிவிட்டதென 2015-இல் அறிவிக்கப்பட்டது. எனினும் வித்துகள் மண்ணை விட்டு அகலவில்லை, அகலவும் மாட்டா. ஆகவே துருப்பிடித்த ஆணி குத்தினால் புண்ணைக் கழுவியதோடு நில்லாமல் மருத்துவரை நாடுவோமாக. பரேலைக் கடக்கும்போது அந்நிலையத்தின் பெயருக்குரியவரை மட்டுமன்றி, ஊசியை நம்பிக் கை நீட்டிய அந்தப் பத்தொன்பது கிராமத்தாரையும் நினைவு கூர்வோமாக.