மன்சி நகரத்து நான்கு கியர்

1963ஆம் ஆண்டு மாடலாக வந்த கார்வெட் கார்களில் முதலில் வந்தவற்றுக்கும் பின்னால் வந்தவற்றுக்கும் மேலே நின்று பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அடியில் படுத்துப் பார்த்தால் தெரியும். முதலில் வந்தவற்றில் போர்க்-வார்னர் நிறுவனத்தின் டி-10 கியர்பாக்ஸ் இருக்கும். பிறகு வந்தவற்றில் ஜெனரல் மோட்டார்ஸ் தானே செய்த நான்கு கியர் பெட்டி இருக்கும். இரண்டும் இண்டியானா மாநிலத்தின் மன்சி நகரத்தில் உருவானவைதான். போர்க்-வார்னரின் வார்னர் கியர் தொழிற்சாலையும் அதே ஊரில், ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே கியர்பாக்ஸ் தொழிற்சாலையும் அதே ஊரில். ஆர்டர் ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்கு மாறியது, அவ்வளவுதான்.

டி-10 மோசமான பெட்டி இல்லை. 1957இல் அது கார்வெட்டுக்கு விருப்பத் தேர்வாக வந்தபோது விலை 188 டாலர் 30 சென்ட். அந்த ஆண்டு 664 பேர் வாங்கினார்கள். அதற்கு முன் மூன்று கியரோடு ஓடிக்கொண்டிருந்த கார், அதற்குப் பிறகுதான் பந்தயக் களத்தில் மதிக்கப்பட்டது. ஆனால் என்ஜின்களின் பலம் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. நான்கு கியர் கேட்பவர்களின் எண்ணிக்கையும் ஏறியது. இத்தனை பெட்டிகளை வெளியில் வாங்குவதைவிட வீட்டிலேயே செய்துகொள்வது மேல் என்று கம்பெனி முடிவு செய்தது. அப்படிப் பிறந்த பெட்டிக்கு மெக்கானிக்குகள் ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். அலுமினிய உடம்பு, பக்கவாட்டில் ஏழு போல்ட் போட்ட சைடு கவர், பின்னால் டெயில் ஹவுசிங். 1974 வரை, கார்வெட், செவல், கமாரோ, பான்டியாக் ஜிடிஓ, ஓல்ட்ஸ்மொபில் 442 என்று எத்தனையோ கார்களின் வயிற்றுக்குள் அது போய் உட்கார்ந்தது.

பழைய கார்க்காரர்கள் இந்தப் பெட்டியைக் கையில் எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, இது எம்-20ஆ, எம்-21ஆ, எம்-22ஆ என்பது. விலையில் பெரிய வித்தியாசம் இருப்பதால் இந்தக் கேள்வியில் பொய்யும் அதிகம் கலந்திருக்கிறது. ஆகவே எம்-20 என்றால் என்ன என்பதை உள்ளிருந்தே பார்த்துவிடுவது நல்லது.

கிளட்சிலிருந்து வரும் இன்புட் ஷாப்ட்டின் முனையில் ஒரு கியர் இருக்கிறது. அது கீழே கிடக்கும் கவுண்டர் கியரின் முன்பக்கப் பல்லைச் சுழற்றுகிறது. கவுண்டர் கியர் ஒரே தண்டில் நாலைந்து பல் வரிசைகள் கொண்ட ஒரு நீள உருளை. அதன் பின்வரிசைகள் மேலே இருக்கும் முதல், இரண்டாம், மூன்றாம் கியர்களைச் சுழற்றுகின்றன. நான்காவது கியரில் கவுண்டர் கியருக்கு வேலை இல்லை. இன்புட்டும் அவுட்புட்டும் நேரடியாகப் பூட்டிக்கொள்ளும், ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று.

முதல் கியரில் 36 பல், அதைச் சுழற்றும் கவுண்டர் வரிசையில் 17 பல். இது எல்லா மன்சியிலும் ஒன்றுதான். மாறுவது முன்னால் இருக்கிற அந்த ஒரு ஜோடி மட்டும். 1963 முதல் 1965 வரை வந்த எம்-20இல் இன்புட்டுக்கு 24 பல், கவுண்டரின் முன்வரிசைக்கு 29. பெருக்கிப் பார்த்தால் முதல் கியர் 2.56 வரும். 1966 முதல் எம்-20இல் இன்புட் 21, கவுண்டர் 25, அப்போது 2.52. எம்-21இல் இன்புட் 26, கவுண்டர் 27; அப்போது 2.20. ஒரு ஜோடியை மாற்றினால் மூன்று கியர்களும் ஒரே கணக்கில் நகர்ந்துவிடும். எம்-20இல் படிகள் அகலம். நின்ற இடத்திலிருந்து சுலபமாகக் கிளம்பும், தினமும் ஓட்டுகிற ஆளுக்கு ஏற்றது. எம்-21இல் படிகள் நெருக்கம்; கியர் மாற்றும்போது என்ஜின் வேகம் அதிகம் விழாது. அதனால் பின் அச்சில் 3.70, 4.11 போன்ற கனமான விகிதம் போட்டவர்கள் அதைத்தான் கேட்டார்கள். இவ்வளவு சிக்கனமான யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன். இரண்டு உதிரிகளை மாற்றி இரண்டு குணமுள்ள பெட்டிகள்! ஆனால் வெளிப்பக்க எழுத்தை நம்ப முடியாமல் போனதற்கும் இதே சிக்கனம்தான் காரணம். எந்தப் பட்டறையிலும் ஒரு மதியத்தில் எம்-20ஐ எம்-21 ஆக்கிவிடலாம். சட்டை மட்டும் பழைய சட்டையாகவே இருக்கும்.

எம்-22 வேறு கதை. அதன் விகிதம் எம்-21இன் விகிதமேதான், 2.20. வித்தியாசம் பல்லின் சாய்வில் இருக்கிறது. ஹெலிக்கல் கியர் என்றால் பல் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். ஒரே நேரத்தில் பல பற்கள் தொட்டுக்கொள்வதால் சத்தம் குறையும். ஆனால் சாய்ந்த பல் ஷாப்ட்டை நீளவாக்கில் ஒருபக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளு பேரிங்கிலும் கேஸிலும் போய் விழும், சூடும் ஏறும். நீண்ட பந்தயத்தில் பெரிய என்ஜினோடு போராடும் பெட்டிக்கு அது ஆகாது. அதனால் எம்-22இல் சாய்வை ஏறக்குறைய 20 டிகிரிக்குக் குறைத்து, பற்களைக் கிட்டத்தட்ட நேராக வெட்டினார்கள். தள்ளு குறைந்தது, சத்தம் கூடியது. கல்லை அரைப்பதுபோல் கரகரவென்று இரையும் அந்தச் சத்தத்தை வைத்து 'ராக் கிரஷர்' என்று பட்டப்பெயர் விழுந்தது. கார்வெட்டில் 1966இல் 15 பேர்தான் அதைக் கேட்டு வாங்கினார்கள். 1967இல் 20, 1968இல் 80. இன்று 'என்னிடம் ராக் கிரஷர் இருக்கிறது' என்று சொல்பவர்களின் கூட்டத்தைப் பார்த்தால் இந்த எண்கள் நினைவுக்கு வரத்தான் செய்கின்றன. மற்ற மாடல்களிலும் அது போனது உண்மை. ஆனாலும் எண்ணிக்கை சின்னதுதான்.

மன்சி தொழிற்சாலையை விட்டுப் புறப்படும்போது பெட்டியின் மேல் சில தடயங்கள் இருக்கும். முதலாவது, கேஸ் வார்க்கும்போதே மேலெழும்பி நிற்கும் வார்ப்பு எண். 3831704 என்றால் 1963. 3851325 என்றால் 1964, 1965. 3885010 அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு. 1968இலிருந்து 3925660, பிறகு கடைசி வரை 3925661. 1966இல் எண் மாறியதற்கு உள்ளே ஒரு காரணம் உண்டு. கவுண்டர் கியர் சுழலும் ஊசித் தண்டு அதுவரை எட்டில் ஏழு பங்கு அங்குலம். அந்த ஆண்டு முழு அங்குலமாகத் தடித்தது. ஆகவே வார்ப்பு எண்ணைப் படித்தாலே எந்தத் தண்டு உள்ளே போகும் என்று தெரிந்துவிடும். எந்த விகிதம் என்று மட்டும் அது சொல்லாது.

இரண்டாவது, வலப்பக்கத்தில் உளியால் அடித்ததுபோல் பதித்த தேதிக் குறி. முதல் எழுத்து 'பி', மன்சி ஆலையின் அடையாளம். 'பி9இ15ஏ' என்று இருந்தால் 1969ஆம் ஆண்டு, மே 15. மாதங்களுக்கு மே வரை ஆங்கில எழுத்துகள் வரிசையாக வரும். பிறகு தாண்டித் தாண்டிப் போகும்: ஜூனுக்கு 'எச்', ஜூலைக்கு 'கே', ஆகஸ்டுக்கு 'எம்', இப்படியே டிசம்பருக்கு 'டி'. கடைசி எழுத்து 1969 வாக்கில் சேர்ந்தது. ஆங்கில வரிசையின் முதல் எழுத்து எம்-20ஐயும், இரண்டாவது எம்-21ஐயும், மூன்றாவது எம்-22ஐயும் குறிக்கும்.

மூன்றாவது தடயம் காரோடு சேர்ந்தது. பெட்டி எந்தக் காருக்குப் போகிறதோ அதன் அடையாள எண்ணின் ஒரு பகுதியை அதன்மேல் பதித்தார்கள். '19என்' என்று தொடங்கினால் செவர்லே, 1969, ஒஹாயோ மாநிலத்து நார்வுட் ஆலை. பெட்டியின் தேதி, கார் பூட்டிய தேதிக்குக் கொஞ்சம் முன்னதாக இருக்க வேண்டும். பின்னதாக இருந்தால் அந்த இரண்டும் பிறகு சேர்த்துவைத்த ஜோடி என்று தயங்காமல் சொல்லலாம்.

தொழிற்சாலை விட்டபின் நடந்ததுதான் நீளமான பயணம். ஞாயிறு தோறும் கால் மைல் பந்தயத்தில் கிளட்சை உதறி விட்டவன் இரண்டாம் கியரின் பல்லைக் கொட்டியிருப்பான். நண்பனின் நொறுங்கிய காரிலிருந்து இன்னொரு பெட்டியைக் கழற்றி மாட்டியிருப்பான். பழையது கொட்டகைக்குப் போயிருக்கும்; அதன் சைடு கவரை வேறொருவர் வாங்கிப் போயிருப்பார். 1968 வரை சைடு கவரில் லிவர் மாட்டும் தண்டு திருகு முனையாக வெளியே நீண்டு அதன்மேல் நட் போட வேண்டியிருந்தது. 1969 முதல் போல்ட் உள்ளே ஏறும். ஒரே பெட்டியில் 1965 கேஸும் 1969 சைடு கவரும் இருந்தால் அது பட்டறைகளைப் பார்த்த பெட்டி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெட்டியின் வேலையே கழன்று மாட்டப்படுவதுதான்.

வாங்கப் போகிறவர் என்ன செய்யலாம்? தூரத்தில் வைத்தே ஒரு சல்லடை போடலாம். சைடு கவரில் ஒன்பது போல்ட் என்றால் டி-10 குடும்பம். ஏழு போல்ட், ஆனால் இரும்பு கேஸ், மூன்று லிவர்களும் சைடு கவரிலேயே என்றால் சாகினா, இன்னும் எளிய பெட்டி. ஏழு போல்ட், அலுமினியம், ரிவர்ஸ் லிவர் மட்டும் பின்னால் டெயில் ஹவுசிங்கில் இருந்தால் மன்சி. அடுத்து இன்புட் ஷாப்ட்டின் ஸ்ப்லைன் (கிளட்ச் டிஸ்க் பிடித்துக்கொள்ளும் பல் வரிசை) அருகே கடைசலில் வெட்டிய வளையக் கோடுகள். 1966க்குப் பிந்தைய ஷாப்ட்டுகளில் இரண்டு கோடு எம்-20, ஒரு கோடு எம்-21, கோடே இல்லாவிட்டால் எம்-22. அது நல்ல குறிப்புதான், தீர்ப்பு இல்லை. கோடில்லாத பழைய 24 பல் ஷாப்ட்டை 'ராக் கிரஷர்' என்று நம்பிப் பணம் எண்ணிக் கொடுப்பது அப்படித்தான் நடக்கிறது.

கையால் சுற்றிப் பார்ப்பது அதைவிட நேர்மையானது. பெட்டியை மேசையில் வைத்து முதல் கியரில் போடுங்கள். பின்னால் அவுட்புட் ஷாப்ட்டிலும் முன்னால் இன்புட் ஷாப்ட்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு. பின்கோடு ஒரு முழுச் சுற்று வரும் வரை முன்னால் திருப்புங்கள். இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேல் போனால் எம்-20. இரண்டேகாலுக்குச் சற்றுக் குறைவாக நின்றால் 2.20 பெட்டி. எம்-20இலேயே பழையதா புதியதா என்று அறிய ஒரு சுற்று போதாது. அவுட்புட்டைப் பத்துச் சுற்று விட்டுப் பார்க்க வேண்டும். 25.6க்கும் 25.2க்கும் இடையே கிட்டத்தட்ட அரைச் சுற்று வித்தியாசம், அது கண்ணுக்குத் தெரியும். எம்-21ஆ எம்-22ஆ என்பதைச் சுற்று சொல்லாது. ஏழு போல்ட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பற்களின் சாய்வைத்தான் பார்க்க வேண்டும். கழற்ற விடமாட்டேன் என்கிற விற்பனையாளரிடம் எம்-22 விலை கொடுக்கத் தேவையில்லை.

எண்ணை அரைத்து எடுத்துவிட்டுப் புது எண் பதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். காரின் எண்ணோடு பெட்டியின் எண் பொருந்தினால் விலை ஏறுகிறது என்பதற்காக அறுபது ஆண்டுத் தடயத்தை ஒரு கிரைண்டர் அழித்துவிடுகிறது. அலுமினியத்தின் வார்ப்புத் தோல் அந்த இடத்தில் மட்டும் வழவழப்பாக இருந்தால், எழுத்துகள் நூல் பிடித்ததுபோல் ஒரே ஆழத்தில் இருந்தால், சந்தேகப்படுங்கள். கலப்பாக இருந்தாலும் கலைக்காமல் விட்ட பெட்டிக்கே நான் அதிக விலை கொடுப்பேன். ஏனென்றால் சரிபார்க்கப் போய்ப் பார்க்க மன்சியில் இப்போது எதுவும் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸின் அந்தக் கியர்பாக்ஸ் ஆலை 2006இல் மூடப்பட்டது. போர்க்-வார்னர் ஆலை 2009இல். பெட்டிகளே மீதம்.

1974இன் பெட்டி கையில் கிடைத்து, அதை 1967 கமாரோவில் ஏற்ற நினைப்பவர் இரண்டு சாமான்களை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். 1971 வாக்கில் இன்புட் ஸ்ப்லைன் 10இலிருந்து 26க்கும் அவுட்புட் 27இலிருந்து 32க்கும் மாறிவிட்டது. ஆகவே 26 ஸ்ப்லைன் கிளட்ச் டிஸ்க் வேண்டும். புரொப்பெல்லர் ஷாப்ட்டின் முன் யோக் 32 ஸ்ப்லைனுக்கானதாக இருக்க வேண்டும். டர்போ 400 ஆட்டோமேட்டிக்கின் யோக் அதற்குப் பொருந்தும். பழைய டிஸ்க்கையும் பழைய யோக்கையும் வைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினால், தூக்கிய கையோடு இறக்க வேண்டியதுதான்.