24-ஆ, 25-ஆ? பில்பாவோவின் கோப்பைக் கணக்கு

அத்லெடிக் பில்பாவோ ஸ்பெயினின் தேசியக் கோப்பையை எத்தனை முறை வென்றிருக்கிறது? வினாடி வினாவில் கேட்கிற சாதாரணக் கேள்வி மாதிரிதான் இருக்கும். ஆனால் ஸ்பானிய கால்பந்துச் சங்கத்தின் கணக்கு 24. கிளப்பின் கணக்கு 25. ஒரே ஒரு கோப்பைதானே வித்தியாசம், இதுக்கு ஒரு பதிவா என்று கேட்கலாம். நானும் பட்டியலைச் சரிபார்க்கத்தான் உட்கார்ந்தேன். போகப் போக, அந்த எண்ணிக்கைக்குள் ஒரு ஊரோட நூறு வருஷக் கதையே இருப்பது தெரிந்தது.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். பில்பாவோ ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் நாட்டில், நெர்வியோன் ஆற்றங்கரையில் இருக்கிற துறைமுக நகரம். சுற்றிலும் இரும்புச் சுரங்கங்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த இரும்புத் தாதுவை ஏற்றிப்போக பிரிட்டிஷ் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. கப்பலோடு மாலுமிகளும் பொறியாளர்களும் வந்தார்கள், கூடவே பந்தும் வந்தது. அதே சமயம் பில்பாவோவின் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்க இங்கிலாந்து போய்த் திரும்பினார்கள். இந்த இரண்டும் சேர்ந்துதான் கிளப் பிறந்தது. கிளப் தன் பிறந்த வருஷமாகச் சொல்வது 1898. முறைப்படி பதிவானது 1901. பெயரைப் பாருங்கள், ஸ்பானிய மொழியில் ‘அத்லெட்டிகோ’ என்றுதான் வரவேண்டும். இவர்கள் ஆங்கிலத்தில் ‘அத்லெடிக் கிளப்’ என்று வைத்துக்கொண்டார்கள். 1903-ல் மாட்ரிட்டில் படித்துக்கொண்டிருந்த பாஸ்க் மாணவர்கள் இதன் கிளையாக ஆரம்பித்ததுதான் இன்றைய அத்லெட்டிகோ மாட்ரிட்.

இப்போது அந்தத் தகராறுக் கோப்பைக்கு வருவோம். 1902 மே மாதம் 13-ஆம் அல்ஃபோன்ஸோ 16 வயது நிரம்பி அரச பொறுப்பை ஏற்றார். அந்தக் கொண்டாட்டத்தின் பகுதியாக மாட்ரிட்டில் ஒரு கால்பந்துப் போட்டி நடந்தது. முடிசூட்டுக் கோப்பை என்று பெயர். பில்பாவோவிலிருந்து இரண்டு கிளப்புகள், அத்லெடிக்கும் பில்பாவோ எஃப்.சி.யும், ஒன்றாகச் சேர்ந்து ‘பிஸ்காயா’ என்ற பெயரில் ஆடின. இறுதியில் பார்சிலோனாவை 2-1 என்று வென்றன. அடுத்த வருஷமே பில்பாவோ எஃப்.சி. அத்லெடிக்கோடு இணைந்துவிட்டது. கோப்பையும் அத்லெடிக் வசமே இருக்கிறது.

சங்கம் இதை ஏற்பதில்லை. அது தேசியக் கோப்பையின் முதல் பதிப்பு இல்லை, ஆடியதும் அத்லெடிக் இல்லை, கூட்டணி அணி என்பது வாதம். சட்டப்படி சரிதான். ஆனால் 1904-ஐப் பாருங்கள். அந்த வருஷம் மாட்ரிட் அணிகளுக்குள் சண்டை. போட்டி ஒழுங்காக நடக்கவில்லை. அத்லெடிக் ஒரு ஆட்டம்கூட ஆடாமலேயே சாம்பியன் என்று அறிவிக்கப்பட்டது. இது சங்கத்தின் 24-க்குள் இருக்கிறது! களத்தில் இறங்கி வென்றது கணக்கில் இல்லை, ஆடாமல் கிடைத்தது கணக்கில் இருக்கிறது. கோப்பைக் கணக்கு என்பது பாதி கால்பந்து, பாதி காகிதம் என்பது இங்கேதான் புரிகிறது.

சரி, அந்த 24-ஐயே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 1903 முதல் 1930 வரை, மன்னர் காலத்தில் 10. 1931, 32, 33 என்று குடியரசுக் காலத்தில் வரிசையாக 3. ஃபிராங்கோ ஆட்சியில், கோப்பைக்கே ‘ஹெனராலிஸிமோ கோப்பை’ என்று அந்தச் சர்வாதிகாரியின் பட்டத்தைச் சூட்டியிருந்த காலத்தில் 9. ஜனநாயகம் திரும்பிய பிறகு 2 மட்டும்: 1984, 2024. லீக் பட்டங்கள் 8. அதிலும் கடைசி இரண்டு 1983, 1984. 1929-ல் லீக் ஆரம்பித்ததிலிருந்து ஒருமுறைகூட இரண்டாம் பிரிவுக்கு இறங்காத கிளப்புகள் மூன்றே மூன்று: ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெடிக்.

அந்த 9 கோப்பைகளில்தான் எனக்குக் கொஞ்சம் நெருடல். ஏன் என்று சொல்கிறேன்.

1936 லீக் சாம்பியன் அத்லெடிக். சில மாதங்களிலேயே உள்நாட்டுப் போர் வெடித்தது. பாஸ்க் தன்னாட்சி அரசின் தலைவராக வந்தவர் ஹோஸே அந்தோனியோ அகிர்ரே. அவர் 1920-களில் அத்லெடிக்குக்கே ஆடியவர்! 1937-ல் அவருடைய அரசு ஒரு பாஸ்க் அணியை வெளிநாட்டுக்கு அனுப்பியது. நிதி திரட்டவும், நாங்கள் இருக்கிறோம் என்று உலகத்துக்குச் சொல்லவும். அதில் அத்லெடிக் ஆட்கள் நிறையப் பேர். அந்த ஏப்ரல் 26-ஆம் தேதி கெர்னிகா நகரத்தின் மேல் குண்டு மழை. ஜூன் 19-ல் பில்பாவோ ஃபிராங்கோ படையிடம் வீழ்ந்தது. வீரர்கள் பலர் ஊர் திரும்பவே இல்லை. மெக்ஸிகோ போய், 1938-39-ல் ‘யூஸ்காடி’ என்ற பெயரில் அந்த ஊர் லீக்கிலேயே ஆடி இரண்டாம் இடம் பிடித்தார்கள்.

அதாவது, சாம்பியன் அணியே கலைந்துபோனது. போர் முடிந்ததும் கிளப் சுற்றுவட்டாரப் பையன்களை வைத்துப் பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பித்தது. போதாக்குறைக்கு 1941-ல் பெயரும் போனது. வெளிநாட்டுச் சொல் கூடாது என்ற உத்தரவால் ‘அத்லெட்டிகோ தெ பில்பாவோ’ ஆனது. பழைய பெயர் 1972-ல்தான் திரும்பியது. அந்தப் புதுப் பையன்களில் ஒருவர்தான் டெல்மோ ஸார்ரா. லீக்கில் 251 கோல் அடித்தார். 2014-ல் மெஸ்ஸி வந்து முறியடிக்கும் வரை அந்தச் சாதனை அப்படியே நின்றது. 1943, 44, 45 என்று மூன்று கோப்பைகள் தொடர்ந்து வந்தன. பெயரைப் பறித்த ஆட்சியின் கோப்பையை, பறித்த பெயரோடு போய் வாங்கியிருக்கிறார்கள். 1958-ல், ஐரோப்பிய சாம்பியனான ரியல் மாட்ரிட்டை அவர்கள் மைதானத்திலேயே 2-0 என்று வென்றபோது, அந்த அணிக்கு ‘பதினொரு கிராமத்தான்கள்’ என்று பெயரே நிலைத்துவிட்டது. ஃபிராங்கோ இறந்து ஒரு வருஷம் கழித்து, 1976 டிசம்பர் 5-ல், அத்லெடிக் கேப்டன் இரிபாரும் ரியல் சொஸியெடாட் கேப்டன் கொர்த்தபார்ரியாவும், அப்போது தடையில் இருந்த பாஸ்க் கொடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார்கள். இந்தக் காட்சிக்கு எந்தப் பட்டியலிலும் இடம் கிடையாது.

இனி முக்கியமான விஷயம். இந்தக் கிளப்புக்கு பாஸ்க் ஆட்கள் மட்டும்தான் ஆடுவார்கள். இது எப்படி வந்தது? ஆரம்பத்தில் ஆங்கிலேயர்கள் தாராளமாக ஆடியிருக்கிறார்கள். 1911 கோப்பைப் போட்டியில் அத்லெடிக்கின் ஆங்கில வீரர்களை எதிர்த்துப் பெரிய பிரச்சினை ஆனது. அதற்குப் பிறகு உள்ளூர் ஆட்களோடு மட்டும் ஆடுவது வழக்கமாகி, அதுவே கொள்கையாகிவிட்டது. ஆங்கிலேயர்களிடம் கற்ற ஆட்டம், ஆங்கிலப் பெயர், ஆனால் வீரர் மட்டும் நம்மாள்!

‘நம்மாள்’ என்றால் யார்? கோடு எங்கே என்பது காலத்துக்குக் காலம் நகர்ந்திருக்கிறது. முதலில் பிஸ்காயா மாகாணம். பிறகு மற்ற பாஸ்க் மாகாணங்கள், நவார்ரா. 1996-ல் பிரெஞ்சு எல்லைக்கு அந்தப் பக்கத்து பாஸ்க் நிலத்திலிருந்து லிஸராஸு. இப்போது, பிறந்தது எங்கே என்றாலும் அங்கே கால்பந்து கற்று வளர்ந்திருந்தால் போதும்.

ஆனால் கோடு நகர்வதற்கு முன்னால் நின்றவர்கள் கதி? மிகுவெல் ஜோன்ஸ் அன்றைய ஸ்பானிய காலனியான ஈக்வடோரியல் கினியாவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பில்பாவோ வந்து அங்கேயே வளர்ந்தவர். 1950-களில் அத்லெடிக்கோடு பயிற்சி எடுத்தார். பிறந்த இடம் சரியில்லை என்று சேர்க்கவில்லை. அவர் அத்லெட்டிகோ மாட்ரிட் போய், 1962-ல் ஐரோப்பிய கோப்பை வெற்றியாளர் கோப்பையின் இறுதியாட்டத்தில் கோலே அடித்தார். தோலின் நிறமும் காரணமா என்ற கேள்வி அன்றிலிருந்தே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதற்கப்புறம் இஞாக்கி வில்லியம்ஸ். பெற்றோர் கானாவிலிருந்து சஹாரா பாலைவனத்தைக் கடந்து வந்தவர்கள். மகன் 1994-ல் பில்பாவோவில் பிறந்தான். தங்களுக்கு உதவிய பாதிரியாரின் பாஸ்க் பெயரையே மகனுக்கு வைத்தார்கள். 2015-ல் அத்லெடிக்குக்காகக் கோல் அடித்த முதல் கறுப்பின வீரர் அவர். 2016 முதல் 2023 வரை தொடர்ச்சியாக 251 லீக் ஆட்டங்கள் ஆடினார், ஒன்றைக்கூட விடாமல். ஸார்ராவின் கோல் எண்ணிக்கையும் அதே 251 என்பது தற்செயல்தான், இருந்தாலும் குறித்துவைத்துக்கொண்டேன்.

1984-க்குப் பிறகு கோப்பை இறுதியாட்டத்துக்கு ஆறு முறை போய் ஆறு முறையும் தோற்றார்கள். 2021 ஏப்ரலில் மட்டும் இரண்டு வார இடைவெளியில் இரண்டு தோல்வி. 2024 ஏப்ரல் 6-ல் செவில்லாவில் மயோர்காவோடு 1-1, பெனால்டியில் 4-2. அண்ணன் இஞாக்கியும் தம்பி நிகோவும் அணியில் இருந்தார்கள். சில நாள் கழித்து ‘கபார்ரா’ என்கிற பழைய சரக்குப் படகில் வீரர்கள் ஏறி ஆற்றில் வலம் வந்தார்கள். இரு கரையிலும் ஊரே நின்றது. முந்தைய ஊர்வலம் 1984-ல். நாற்பது வருஷக் காத்திருப்பு.

உலகம் முழுக்க ஆள் வாங்கலாம் என்று ஆனபிறகு, சுமார் 30 லட்சம் பேர் இருக்கிற நிலப்பரப்புக்குள் மட்டும் ஆள் தேடி ஒரு அணி முதல் பிரிவில் நிற்கிறது. அதைப் பாராட்டும்போதே, அந்தப் பிடிவாதத்துக்கு விலை கொடுத்த ஜோன்ஸையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஒருவரின் கதையை விட்டுவிட்டு இன்னொருவரின் கதையை மட்டும் சொன்னால் கணக்கு தப்பாகிவிடும்.

கடைசியாக, 24-ஆ 25-ஆ? என் ஓட்டு 25-க்குத்தான். 1904-ஐ ஏற்றுக்கொள்கிற பட்டியலுக்கு 1902-ஐ மறுக்கிற உரிமை இல்லை என்பது என் கட்சி. உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் சொல்லுங்கள், பேசலாம்.