ஏலமலைச் சாலை: போடி முதல் மெட்டு வரை

ஒரு சாலையின் வரலாறு, அதன் வழியே நடந்த மக்களின் வரலாறேயாகும். பாளையங்களின் எல்லைகளையும் குத்தகைப் பத்திரங்களையும் பேணிவைத்த ஏடுகள், சுமையோடு மலையேறிய கால்களைப் பற்றி மிகுதியும் பேசுவதில்லை. தேனியிலிருந்து மேற்கே புறப்பட்டு, போடிநாயக்கனூரைக் கடந்து, மேற்குத் தொடர்ச்சி மலைமீது ஏறிப் போடிமெட்டை அடையும் சாலை, அக்கால்களை நினைவூட்டும் சாலையாகும்.

தேனிக்கும் போடிக்கும் இடையே 15 கிலோமீட்டர் தொலைவு. சமவெளியில் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் இலவமரங்களும் இருமருங்கும் துணைவர, வைகைக்கு நீர் கொண்டுசெல்லும் கொட்டகுடியாற்றின் பள்ளத்தாக்கை ஒட்டிச் சாலை செல்கிறது. முந்தலில் மலையடிவாரம் தொடங்குகிறது. அதன்பின் 17 கொண்டை ஊசி வளைவுகள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் அமைந்த போடியில் வெயிலில் வாடியவர், 1,300 மீட்டருக்கும் மேலுள்ள மெட்டில் போர்வையைத் தேடுவர். காப்பியும் மிளகும் முதலில் எதிர்ப்பட, மெட்டுக்கு அப்பால் பெருமரங்களின் நிழலில் ஏலத்தோட்டங்கள் விரிகின்றன. போடிமெட்டு, கம்பமெட்டு, இராமக்கல்மெட்டு என இம்மலைமுகட்டு ஊர்ப்பெயர்கள் பலவும் மெட்டு என்றே முடிவது குறிப்பிடத்தக்கது. மலையை அரண் என்று கருதாமல், ஏறிக் கடக்கும் மேடு என்று கருதியவர்கள் இட்ட பெயர்கள் இவை.

மலைமேல் பெருந்தோட்டத் தொழில் புகுந்த வரலாற்றுக்கு 1877ஆம் ஆண்டு தலைவாயிலாகும். அவ்வாண்டில்தான் பூஞ்சாற்று அரசர் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோவுக்குக் குத்தகையாக அளித்தார். தோட்டங்கள் பெருகியபின், மூணாற்றுத் தேயிலை கீழிறங்குவதற்குக் கீழைச்சரிவே வழியாயிற்று. 1902இல் மூணாற்றிலிருந்து மலைமுகட்டிலுள்ள டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908இல் அது சிறு இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. முகட்டிலிருந்து கொட்டகுடி வரை தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியவாறு இறங்கின. அங்கிருந்து போடிக்கு மாட்டுவண்டிகளே அவற்றைச் சுமந்தன. இங்கிலாந்து நாட்டு வீடுகளில் அருந்தப்பட்ட தேநீரின் பயணத்தில் போடி வண்டிக்காரனுக்கும் பங்குண்டு.

1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த மலை இருப்புப்பாதையை அழித்தது. நான்காண்டுகள் கழித்து, 1928இல், மதுரையிலிருந்து இரயில் போடியை வந்தடைந்தது. ஆயினும், 1931இல் ஆலுவாய்–மூணாறு புதுச்சாலையும் 1935இல் நேரியமங்கலம் பாலமும் திறக்கப்பட்டபின், தேயிலை மேலைக்கடலை நோக்கித் திரும்பலாயிற்று. போடிச் சாலைக்கு எஞ்சியவை இரண்டு: ஒன்று ஏலக்காய், மற்றொன்று அதைப் பறிக்கும் கைகள்.

ஏலம் என்னும் சொல் போடியில் இருபொருள் தருவது. நறுமணப் பொருளைக் குறிக்கும் ஏலம் பழஞ்சொல். விலைகூறி விற்றலைக் குறிக்கும் ஏலம் போர்த்துக்கீசியர் வழி வந்தது. கடல்கடந்து வந்த சொல்லும் மலையிறங்கி வந்த பொருளும் இவ்வூர்ச் சந்தையில் ஒன்றாயின. மலையில் விளைந்து உலர்ந்த காய், இங்கு வந்து தரம் பிரிக்கப்பட்டு, விலை பெற்று, வடபுலத்துக்கும் அயல்நாட்டுக்கும் செல்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடைபெறும் இடங்களுள் கேரளத்தின் புற்றடியும் தமிழகத்தின் போடியும் இன்றும் இணைந்தே எண்ணப்படுகின்றன. விளைச்சல் ஒரு மாநிலத்தில், வணிகம் இரு மாநிலத்தில், உழைப்போ பெரும்பகுதி சமவெளியிலிருந்து ஏறுவது. விடியற்பொழுதில் பெண்தொழிலாளரை நெருக்கமாக ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளே இச்சாலையின் அன்றாடக் காட்சி.

1956 நவம்பர் முதல்நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் பெருந்தொகையினராய் வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. போடிமெட்டு எல்லையாகவே தொடர்ந்தது.  எல்லை என்பது வரைபடத்தில் ஒரு கோடு. ஏலத்தோட்டத் தொழிலாளிக்கோ அது வீட்டுக்கும் கூலிக்கும் நடுவே விழுந்த கோடு.

அக்கோட்டின் கூர்மை இருமுறை வெளிப்பட்டது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை குறித்த பிணக்கு முற்றியபோது எல்லைச் சாலைகளில் போக்குவரத்து தடைப்பட்டது. அச்சமுற்ற தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், குழந்தைகளைத் தோளிலிட்டுக் காட்டுத்தடங்கள் வழியே இறங்கின. 2020 மார்ச்சு இறுதியில், நோய்த்தொற்றின் பொருட்டு எல்லை மூடப்பட்டுப் பேருந்துகள் நின்ற நாள்களில், ஏலத்தோட்டத்திலிருந்து நடந்தே ஊர்திரும்பியோர் இராசிங்கபுரத்தை அடுத்த மலைச்சரிவில் காட்டுத்தீயில் சிக்கினர்; குழந்தை உள்ளிட்டோர் மாண்டனர். சாலை அடைபடும்போது மக்கள் நிற்பதில்லை. சாலைக்கு முந்திய பழந்தடத்தைத் தேடுகின்றனர். அத்தடமோ அவர்களைக் காப்பதில்லை.

போடியிலிருந்து தேவாரம் செல்லும் கிளைச்சாலையின் பக்கமாக, இதே மலையடியில் உள்ளது பொட்டிபுரம். அவ்வூரின் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 சனவரியில் மைய அமைச்சரவை இசைவளித்தது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கமும் அதனுள் ஆய்வுக்கூடமும் திட்டத்தின் கூறுகள். அண்டத்தின் நுண்துகளை அறியும் அரிய வாய்ப்பு என அறிவியலாளர் கூறினர். வெடிவைப்பால் நீரூற்றும் மேய்ச்சலும் கெடும் என உழவர் அஞ்சினர். வழக்குகள் எழுந்தன; 2022இல் தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்தில் திட்டத்துக்கு எதிராக நின்றது. அறிவு தேவையா என்பதன்று அவ்வூரார் வினா. மலையைத் தொடுமுன் மலையடியில் வாழ்வோரைக் கேட்டனரா என்பதே வினா. குத்தகைப் பத்திரம் எழுதப்பட்ட 1877இலும், மாநிலங்கள் மறுவரையறை பெற்ற 1956இலும் மலையில் உழைத்தோர் முன் இவ்வினா நின்றது.

கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைத்த 49ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு கண்ணியாக இருந்த இச்சாலை, 2010ஆம் ஆண்டு எண்மாற்றத்துக்குப்பின் கொச்சி–தொண்டி நெடுஞ்சாலையாக 85ஆம் எண்ணைப் பெற்றது. சங்கப் புலவர் பாடிய சேரர் தொண்டி மேலைக்கடற்கரையது. இச்சாலை சென்று முடியும் தொண்டி கீழைக்கடற்கரையது. இரு கடலையும் பிணைக்கும் இவ்வழியில், பெருஞ்சுமையைத் தாங்கும் இடம் அப்பதினேழு வளைவுகளே. மெட்டுக்கு அப்பால் மூணாறு வரை சாலை அண்மையில் அகலம் பெற்றது. 2010 முடிவில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட போடி இரயிலும் 2023 சூன் திங்களில் மீண்டும் வந்தது. வழிகள் விரிவடைவது நன்றே. அந்தியில் மெட்டிறங்கும் ஜீப்பில், ஏலமணம் மாறாத கைகளோடு அமர்ந்திருக்கும் பெண் அச்சமின்றி வீடு சேர்வதே, அவ்விரிவை அளக்கத் தக்க கோல்.