கூண்டில் நிற்பவர் யார்?

தோழர்களே, ஜூரி என்றதும் நானாவதி வழக்குதான் பலருக்கு நினைவு வரும். 1959இல் பம்பாயில், மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரியை ஜூரர்கள் 8க்கு 1 என்ற கணக்கில் குற்றமற்றவர் என்றார்கள். உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் ஆயுள் தண்டனை விதித்தது. சீருடையைப் பார்த்து மயங்கிவிட்டார்கள் என்று இன்றும் பேசுவார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய கதை.

1883இல் இல்பர்ட் மசோதா வந்தது. இந்திய நீதிபதி தங்களை விசாரிப்பதா என்று வெள்ளையர் கொதித்தார்கள். கடைசியில் அரசு இறங்கிவந்து சமரசம் செய்தது: குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையர் கேட்டால் ஜூரியில் பாதிப்பேராவது ஐரோப்பியர் அல்லது அமெரிக்கராக இருக்க வேண்டும். கவனியுங்கள். உட்கார்ந்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறும் என்று சட்டமே ஒப்புக்கொண்டது. பாதுகாப்பு மட்டும் வெள்ளைத் தோலுக்கு.

நாம் கூடியிருக்கும் முட்டுக்காடு அன்றைய செங்கல்பட்டு மாவட்டம். இங்கே கூண்டில் ஏறிய பறையருக்கு அப்படிக் கேட்க எந்தப் பிரிவும் இல்லை. 1898ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜூரர், அசெஸர் பட்டியலை எழுதியவர்கள் செஷன்ஸ் நீதிபதியும் கலெக்டரும். தகுதியுள்ளவர் யார் என்பதும் அவர்கள் முடிவுதான். அந்தத் தகுதி சேரிக்குள் வந்து தேடியிருக்குமா? இம்மாவட்டக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைப் படித்தால் தெரியும்: பறையர் குடியிருந்த மனைகூட மிராசுதார் பிடியில் இருந்தது.

ஜூரி ஒழிந்தது நல்லதே, சட்டம் படித்த நீதிபதி மயங்கமாட்டார் என்பார்கள்.

வெண்மணிக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் மிராசுதார்கள் 8 பேருக்குப் பத்தாண்டுச் சிறை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. சொன்ன காரணங்களில் ஒன்று: இவர்கள் நிறைய நிலம் உள்ள பணக்காரர்கள், ஒருவரிடம் காரே இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை. (மிராசுதார்கள் அதற்குமுன் எங்கும் நடந்தே போனதில்லை போலும்.)

அந்த வழக்கில் ஜூரி கிடையாது. மாணவத் தோழர்கள் இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டிலும் சாட்சிகள் அதே ஆட்கள்தாம்.