பின்வாசலில் பிறந்த படிப்பு

17ஆம் நூற்றாண்டு லண்டனில் மருந்துக்கடை நடத்தியவர்களுக்கு ஒரு தீராத தொல்லை இருந்தது. மருந்துக்கு வேண்டிய வேரும் இலையும் சந்தையில் கூடை வைத்து விற்ற மூலிகைக்காரிகளிடமிருந்துதான் வரும். கேட்ட செடியைத்தான் கொடுத்தார்களா என்று கடைக்காரருக்கே சந்தேகம். கடையில் தொழில் கற்கும் பையனுக்கோ சந்தேகப்படக்கூடத் தெரியாது. காய்ந்து சுருண்ட பிறகு எந்த வேரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நாட்டு மருந்துக் கடை வாசலில் சற்று நேரம் நின்றவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மருந்தும் நஞ்சும் ஒரே குடும்பத்தில் பிறக்கிற செடியுலகில் இந்தக் குழப்பம் உயிரோடு விளையாடும் சமாச்சாரம்.

அருங்காட்சியகத் தோட்டங்களில் இன்றைய இளைஞர்கள் பெறுகிற தோட்டக்கலைப் பயிற்சி, அதாவது இன்டர்ன்ஷிப், இந்தத் தொல்லையிலிருந்து கிளம்பியதுதான். ஆனால் நேர்வழியில் வரவில்லை.

அப்போதிக்கரிகள் என்று அழைக்கப்பட்ட அந்த மருந்துக்கடைக்காரர்கள் 1617 வரை மளிகை வணிகர்களின் சங்கத்துக்குள் அடக்கம். அந்த ஆண்டு பிரிந்து தனிச் சங்கம் கண்டார்கள். கோடை வந்தால் பையன்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போய்ச் செடி காட்டுவது சங்கத்தின் வழக்கமானது. நாள் முழுக்க நடை, வழியெல்லாம் செடி, முடிவில் விடுதியில் சாப்பாடு. ஆனால் காட்டில் முளைக்கிற செடியைத்தானே காட்டில் காட்ட முடியும்? கப்பலில் வந்து இறங்கும் வெளிநாட்டுச் சரக்கின் செடியை எங்கே போய்ப் பார்ப்பது? 1673இல் செல்சியில், தேம்ஸ் ஆற்றங்கரையில், ஏறக்குறைய 4 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சுவர் எழுப்பினார்கள். செல்சி பிஸிக் கார்டன் பிறந்த கதை இவ்வளவுதான். அழகுக்காகவோ உலாவுவதற்காகவோ போட்ட தோட்டமல்ல. பையன்கள் வந்து செடியை நேரில் பார்த்து மனத்தில் பதிய வைத்துக்கொள்ளப் போட்டது.

பையன்களுக்குச் செடி காட்டவே ஒரு பதவி இருந்தது. 1709இல் அதற்கு வந்தவர் ஜேம்ஸ் பெட்டிவர். இவரும் மருந்துக்கடைக்காரர், உலகெங்கும் போகிற கப்பல்காரர்களையும் வைத்தியர்களையும் நச்சரித்துச் செடி வரவழைத்தவர். சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை வைத்தியராக இருந்த சாமுவேல் பிரவுன், சுற்றுவட்டாரச் செடிகளைச் சேகரித்து, உள்ளூர்க்காரர்கள் சொன்ன தமிழ்ப் பெயர்களையும் குறித்து இவருக்கு அனுப்பினார். அந்தப் பட்டியலை ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் இதழில் 1698 முதல் பெட்டிவர் வெளியிட்டார். பிரவுனுக்கு அந்தப் பெயர்களைச் சொன்ன சென்னைக்காரர்கள் யாருடைய பெயரும் எங்கேயும் நிலைக்கவில்லை. இந்தத் துறையின் வரலாறு நெடுகிலும் இப்படித்தான்.

தோட்டம் போட்டது எளிது, நடத்துவதுதான் பெரும்பாடு. சங்கத்தின் கையில் காசில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இழுத்து மூடிவிடலாமா என்ற பேச்சு வரைக்கும் போய்விட்டது. காப்பாற்றியவர் ஹான்ஸ் ஸ்லோன். இளவயதில் இதே தோட்டத்தில் செடி பார்த்துப் படித்த வைத்தியர். பிற்பாடு செல்சி பண்ணையையே விலைக்கு வாங்கியவர். அவருடைய செல்வத்தில் ஒரு பங்கு, மனைவி வழியாக வந்த ஜமைக்கா கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் உழைத்ததன் வருமானம். அதைச் சொல்லாமல் அவருடைய தாராளத்தை மட்டும் பாராட்டிவிட்டு நகர்வது சரியில்லை.

1722இல் ஸ்லோன் எழுதிக்கொடுத்த பத்திரம் சாமர்த்தியமானது. ஆண்டுக்கு 5 பவுன் வாடகை, என்றென்றைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை: தோட்டத்தில் விளைந்த 50 செடிகளை ஒவ்வோர் ஆண்டும் காயவைத்துத் தாளில் ஒட்டி ராயல் சொசைட்டியிடம் ஒப்படைக்க வேண்டும். ஒருமுறை கொடுத்த செடியை மறுமுறை கொடுக்கக் கூடாது. மொத்தம் 2000 சேரும் வரை இது தொடர வேண்டும். தவறினால் தோட்டம் கைமாறிவிடும். தோட்டத்தை ஒழுங்காக நடத்துங்கள் என்று புத்தி சொன்னால் யார் கேட்பார்கள்? அவர் கணக்குக் கேட்டார். ஆண்டுதோறும் புதிதாக 50 காட்ட வேண்டுமென்றால் ஆண்டுதோறும் புதிதாக வளர்த்தாக வேண்டும். விதைக்காக ஊர் உலகமெல்லாம் கடிதம் எழுத வேண்டும். முளைக்காத விதையை முளைக்க வைக்கிற கை வேண்டும். 2000 முடிந்த பிறகும் அவர்கள் நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஸ்லோன் இறந்ததும் அவருடைய சேகரிப்பை வைத்து 1753இல் பிரிட்டிஷ் மியூசியம் உருவானது. தோட்டத்துக்கு நிலம் கொடுத்த கைதான் அருங்காட்சியகத்துக்கு முதலும் போட்டது.

விதையை முளைக்க வைக்கிற கை வேண்டுமே என்ற இடத்தில்தான் கதை திரும்புகிறது.

தோட்டம் யாருக்காகப் போடப்பட்டதோ அந்த மருந்துக்கடைப் பையன்கள் வருவார்கள், பார்ப்பார்கள், போவார்கள். செடியோடு விடிந்து செடியோடு அடைந்தவர்கள் வேறு பையன்கள்: தொட்டி கழுவியவர்கள், அடுப்பு பார்த்தவர்கள், விதை சலித்தவர்கள். 1722இல் தலைமைத் தோட்டக்காரராக வந்த பிலிப் மில்லர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கே இருந்தார். 1731இல் அவர் வெளியிட்ட தோட்டக்காரர் அகராதி ஐரோப்பா முழுவதும் ஓடியது. ஆனால் அவரிடமிருந்த உண்மையான பள்ளிக்கூடம் கண்ணாடி வீட்டுக்குள் இருந்தது.

வெப்பமண்டலச் செடியை லண்டன் குளிரில் பிழைக்க வைக்க அவர்கள் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள். தோல் பதனிடும் தொட்டியில் ஊறி, வேலை முடிந்து வெளியே கொட்டிய ஓக் மரப்பட்டைத் தூளை வாங்கி வந்து, செங்கல் கட்டிய குழியில் நிரப்புவார்கள். அது மெல்ல நொதித்து மாதக்கணக்கில் இளஞ்சூடு கொடுக்கும். சாணி உரம்போல ஒரேயடியாகக் கொதித்து அடங்கிவிடாது. தொட்டிகளை விளிம்பு வரை அதில் புதைத்து வைப்பார்கள். சூடு தணிந்தால் கவையால் கிளறிவிட, மீண்டும் ஏறும். எப்போது கிளறுவது, எவ்வளவு கிளறுவது என்பதை அகராதியில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. குழிக்குள் கையை விட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். நம் வீட்டுப் படிக்கட்டில் தொட்டியில் பூக்கிற நித்தியகல்யாணிக்கு 1759இல் லின்னேயஸ் அறிவியல் பெயர் கொடுத்தாரே, அதற்கு முன்பே பிரான்சிலிருந்து வந்த விதையைப் போட்டு மில்லர் செல்சியில் பூக்க வைத்துவிட்டார். மடகாஸ்கர் செடி அது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் பின்னாளில் மருந்து தந்தது.

கடைசிக் காலத்தில் மில்லருக்கும் சங்கத்துக்கும் தகராறு. தோட்டத்தில் இருப்பதற்கெல்லாம் பட்டியல் போடு என்றார்கள், மனிதர் மசியவில்லை. மூப்பும் பிடிவாதமும் சேர்ந்து வேலையை விட்டு இறங்க வைத்தன. எனக்கு இதில் சங்கத்தின் பக்கம்தான் நியாயம் படுகிறது. ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கிற தோட்டம் அவரோடு போய்விடும்.

மில்லரிடம் வேலை பார்த்த வில்லியம் அய்ட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1759இல் லண்டனை ஒட்டிய அரச தோட்டமான கியூவுக்குப் போனார். செல்சியின் கைப்பழக்கம் அவரோடு கியூவுக்குள் நுழைந்தது. பின்னாளில் கியூ, தோட்டக்காரர்களை உருவாக்கி உலகமெங்கும் அனுப்புகிற பட்டறையே ஆகிவிட்டது. பகலெல்லாம் மண் வேலை, மாலையில் தாவரவியல் வகுப்பு. தாவரப் பொருள்களுக்கென்று ஓர் அருங்காட்சியகமும் அதே வளாகத்தில் 1840களின் இறுதியில் திறந்தது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குத் தேயிலையும் கொய்னாவும் ரப்பரும் தேவைப்பட்டன. அந்தத் தேவைதான் பயிற்சிக்குச் செலவழித்தது.

கியூவில் தொழில் பழகிய வில்லியம் கிரஹாம் மக்கைவர் 1848இல் ஊட்டிக்கு வந்தார். இன்றைக்கு மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் முண்டியடிக்கிற அந்த அரசு தாவரவியல் பூங்காவை உருவாக்கியவர் அவர். 1860இல் தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனா கன்றுகள் நீலகிரிக்கு வந்தபோது பொறுப்பும் அவரிடமே வந்தது. மலேரியா மருந்தான கொய்னா அந்த மரத்தின் பட்டையில் இருக்கிறது. பட்டையை முழுதாக உரித்தால் மரம் செத்துவிடும். வெட்டினால் மறுபடி வளரும் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மக்கைவர் பட்டையை நெடுக்குவாட்டில் ஒரு பட்டி உரித்து, பக்கத்துப் பட்டியை விட்டு, உரித்த இடத்தில் ஈரப் பாசியை வைத்துக் கட்டினார். பாசிக்கு அடியில் புதுப் பட்டை வளர்ந்தது. அதில் கொய்னா முன்பைவிடக் கூடுதலாகவும் இருந்தது. உரிக்கும்போது உள்ளே இருக்கிற ஈரப்படலத்தில் கத்தி படக் கூடாது. பட்டால் பட்டை வராது. இது கண்ணாடி வீட்டில் ஒட்டுக்கட்டிப் பழகிய விரல்களின் யோசனை.

இதற்கு முன்பே லண்டன் தோட்டக்கலைச் சங்கம் ஒரு காரியம் செய்தது. 1820களில் சிஸ்விக்கில் தோட்டம் அமைத்து, இளைஞர்களை வாரச் சம்பளத்துக்குச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு பிரிவிலும் மாற்றி மாற்றி வேலை வாங்கியது. பரிந்துரை இருந்தால்தான் இடம். சேரும்போது தன் வரலாற்றைத் தன் கையெழுத்திலேயே ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். இன்றைய இன்டர்ன்ஷிப் விண்ணப்பத்தின் முன்னோடி என்று நான் இதைத்தான் சொல்வேன். நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் எழுதிய அந்தப் பதிவேடு இன்னும் இருக்கிறது. அதில் 1823இல் எழுதியவர்களில் ஒருவர் ஜோசப் பாக்ஸ்டன், 1803இல் பிறந்தவர். 1801 என்று எழுதியிருக்கிறார். வேலைக்காக வயதைக் கூட்டிச் சொல்வது நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை.

சிஸ்விக் தோட்டத்தை ஒட்டி டெவன்ஷயர் பிரபுவின் மாளிகை. தோட்டத்தில் பார்த்துப் பேசிப் பிடித்துப்போன பிரபு, 1826இல் அந்த 22 வயதுப் பையனைத் தன் சாட்ஸ்வொர்த் மாளிகைக்குத் தலைமைத் தோட்டக்காரனாக அழைத்துக்கொண்டார். அங்கே கண்ணாடி வீடு கட்டிக் கட்டிக் கை தேறியவர் 1851 உலகக் கண்காட்சிக்குக் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகையையே வடிவமைத்தார். அந்தக் கண்காட்சியின் லாபத்தில் வாங்கிய தெற்குக் கென்சிங்டன் நிலத்தில் வரிசையாக அருங்காட்சியகங்கள் எழுந்தன. அவற்றில் ஒன்று இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். ஸ்லோனின் தாவரத் தொகுதிகள், அவர் விலைக்கு வாங்கிய பெட்டிவரின் தாள்கள், எல்லாம் இப்போது அதற்குள்தான் இருக்கின்றன.

பெண்களுக்குக் கதவு திறந்தது வெகு தாமதமாக. 1896இல் ஸ்வான்லி தோட்டக்கலைக் கல்லூரியில் படித்த ஆனி கல்வினும் ஆலிஸ் ஹட்சிங்ஸும் கியூவில் சேர்ந்தார்கள். ஆண்களைப் போலவே பழுப்பு நிறக் காற்சட்டை போட வேண்டுமென்பது நிர்வாகத்தின் உத்தரவு. கவனத்தைச் சிதற வைக்காத உடை என்று நினைத்தார்களாம். நடந்தது தலைகீழ்: பத்திரிகைகள் கேலி எழுதின, வேடிக்கை பார்க்க ஆட்கள் கூடினார்கள். கல்வின் அதைப் பொருட்படுத்தாமல் தொழிலைக் கற்றுக்கொண்டு, சீக்கிரமே வேறொரு தோட்டத்தில் தலைமைப் பொறுப்புக்குப் போய்விட்டார்.

அதற்குள் செல்சியில் எதற்காகத் தோட்டம் போட்டார்களோ அது முடிந்துபோயிருந்தது. பையன்களைக் கூட்டிக்கொண்டு போகும் செடி நடை 1830களில் நின்றது. 1899இல் அப்போதிக்கரிச் சங்கமே தோட்டத்தைக் கைகழுவியது. வேறோர் அறக்கட்டளை எடுத்து நடத்தி, 1983இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பார்த்துப் படிக்க வந்தவர்களின் வழி அடைபட்டுவிட்டது. வாளி தூக்கியவர்களின் வழி மட்டும் அறுபடவில்லை.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் செயின்ட் லூயிஸில் ஹென்றி ஷா 1859இல் திறந்த தோட்டம், அவர் 1889இல் இறந்த கையோடு தோட்ட மாணவர்களைச் சேர்க்க ஆரம்பித்தது. வாஷிங்டனில் விஷயம் இன்னும் தாமதம். ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அருங்காட்சியகங்கள் வரிசையாக இருந்தாலும், 1972இல்தான் தோட்டக்கலைக்கென்று தனி அலுவலகம் வந்தது. கொண்டுவந்தவர் அப்போது நிறுவனத்தின் செயலராக இருந்த டில்லன் ரிப்ளி. சாலிம் அலியோடு சேர்ந்து இந்தியப் பறவைகளைப் பற்றிப் பத்துத் தொகுதி எழுதியவர். கட்டடத்துக்குள் கண்ணாடிப் பெட்டியில் இருப்பதற்கு உள்ள மரியாதை வெளியே மண்ணில் நிற்பதற்கும் உண்டு என்று நினைத்தார். 1987இல் அங்கே திறந்த எனிட் ஹாப்ட் தோட்டம் 4 ஏக்கருக்குச் சற்று அதிகம். பூமிக்கடியில் கட்டிய அருங்காட்சியகங்களின் கூரை அது. மாக்னோலியா மரங்கள் பூக்கிற மண்ணுக்குக் கீழே ஆப்பிரிக்கச் சிற்பங்கள் இருக்கின்றன.

ஸ்மித்சோனியன் தோட்டங்களுக்குக் கோடையில் வருகிற கல்லூரிப் பிள்ளைகள் களை பிடுங்குகிறார்கள், வாடிய பூவைக் கிள்ளுகிறார்கள், ஆர்க்கிட் வீட்டில் தொட்டி மாற்றுகிறார்கள். பூங்காவுக்கும் அருங்காட்சியகத் தோட்டத்துக்கும் வித்தியாசம் செடியின் கழுத்தில் தொங்குகிற சீட்டில் இருக்கிறது. எந்த ஆண்டு வந்தது, எத்தனையாவது வரவு, எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. பூங்காவில் செடி செத்தால் வேறொன்று நட்டுவிட்டுப் போகலாம். இங்கே செத்ததையும் எழுத வேண்டும். மில்லர் போட மறுத்த பட்டியல்தான் இது.

அந்தக் காலத்துப் பிரபுக்களின் தோட்டங்களில் பையனைத் தொழிலுக்குச் சேர்க்க அப்பன் பணம் கட்டினான். சிஸ்விக்கில் பையனுக்கே வாரக் கூலி கிடைத்தது. நம் காலத்தில் அமெரிக்க அருங்காட்சியகங்கள் பல, பயிற்சி என்ற பெயரில் நெடுநாள் சும்மா வேலை வாங்கின. வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் அதற்குத் தாக்குப்பிடித்தார்கள். இப்போது கொஞ்சம் மாறி வருகிறது. விளம்பரத்தில் பூக்களின் படம் எத்தனை அழகாக இருந்தாலும், விண்ணப்பிக்கிற பிள்ளை முதலில் தேடுவது உதவித்தொகை எவ்வளவு என்ற வரியைத்தான். வாஷிங்டனில் அறை வாடகை அப்படி.